மூடாத சுவர்

“இந்த ஈரத்தோட சுவரை மூடக் கூடாதுங்க,” என்றார் தச்சு மேஸ்திரி.

மகளுக்காக எழும்பும் அந்த மர வீட்டைப் பார்க்க அம்மாள் வந்தது அன்றுதான் முதல் முறை. ஐந்து நாள் விடாமல் பெய்த மழை காலையில்தான் ஓய்ந்திருந்தது. இன்னும் கூரை ஏறவில்லை. வெறும் சட்டங்கள் வரிசையாக நின்றன. ஆணி அடித்த இடங்களிலெல்லாம் துரு வழிந்திருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரை ஆட்கள் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு ஒன்பதாவது மாதம். குழந்தை புது வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதைச் சொல்லி, மேலே காய்ந்துதானே இருக்கிறது, நாளைக்கே பலகை அடித்துச் சுவரை மூடிவிட முடியாதா என்று அம்மாள் கேட்டாள்.

மேஸ்திரி ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் ஒரு சட்டத்தின் அடியில் குத்திக் காட்டினார். இருபத்தெட்டு சதவீதம் ஈரம். பதினெட்டுக்குக் கீழே இறங்க வேண்டுமாம். காற்றாட விட்டால் மூன்று வாரத்தில் காய்ந்துவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

அவள் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

“முப்பது வருஷத்துக்கு முன்னால ஒரு வீடு,” என்று அவரே ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்க்காமல். இளம் ஜோடி. கூரை போடுவதற்கு முன்பு இதே மாதிரி மழை. ஒரே தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சுவரில்லாத வீட்டுக்குள் இரண்டு பேரும் நடப்பார்களாம். இது சமையலறை, இது தொட்டில் போடும் இடம் என்று கைகாட்டிச் சிரிப்பார்களாம். அந்தப் பெண்ணுக்கும் மாதம் நெருங்கிவிட்டது. சீக்கிரம் முடிக்கச் சொன்னாள். முடித்தாயிற்று. அடுத்த மழைக்குள் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. குழந்தைக்கு மூச்சு இழுத்தது. உன்னால்தான், உன்னால்தான் என்று கிளம்பிய சண்டையில் வீடும் போயிற்று, ஜோடியும் பிரிந்தது.

“அவசரப்படுத்தினது அந்தப் பொண்ணுதானே?” என்று அம்மாள் மெல்லக் கேட்டாள்.

“கேட்டது அந்தப் பொண்ணு. ஈரம்னு தெரிஞ்சும் மூடினது நான். அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கணும்.”

அவள் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு, காயட்டும், மூன்று வாரமானாலும் சரி என்றாள்.

தெருவுக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டாள். குழந்தை பிறந்ததும் முதலில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். வீடு முடியும் தேதியை இன்றைக்கே வாங்கி வருவதாகக் கிளம்பிய அம்மா இப்படி மாறிவிட்டதை மகளால் நம்ப முடியவில்லை. யார் பேச்சைக் கேட்டு இப்படிச் சொல்கிறாய் என்றாள்.

“நீ தேடிப் பிடிச்ச மேஸ்திரி பேச்சைத்தான்,” என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்கப்பா பேச்சை.”