முப்பது கிலோமீட்டருக்குள்

சாமுவேல் மகன் ஜெபசீலன், வயது ஐம்பத்தைந்து, கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் இருபத்தோராண்டு அனுபவம் உடையவர், பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாயிலில் காவலாளி உடுப்பில் நின்றுகொண்டு, "முடியாதும்மா" என்றார்.

கேட்டவள் மூன்றாம் மாடி வினிதா. இடுப்பில் கைக்குழந்தை. வீட்டு ஆர்.ஓ. மிஷின் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடத் தரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு அதைச் சுவரில் மாட்டிக் கொடுத்ததே இந்த ஜெபசீலன்தான் என்பதை அவள் மறக்கவில்லை.

"பத்து நிமிஷ வேலைண்ணா. சும்மா வேணாம், பணம் தர்றேன்."

"பணத்துக்காகச் சொல்லலம்மா. நான் தொடக் கூடாது."

கடையிலிருந்து தண்ணீர் கேன் வந்தது. லிஃப்ட் அன்று ஓடவில்லை. கேனைத் தோளில் ஏற்றி, மூன்று மாடியும் ஜெபசீலனே சுமந்துகொண்டு போய் வைத்தார். மிஷின் இருந்த பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலாளிக்குத் தலைக்கனம் என்று அன்று மாலைக்குள் நாற்பது வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். தாம்பரத்தில் தினகரன் என்பவருடைய ஆர்.ஓ. கடையில் ஜெபசீலன் தலைமை மெக்கானிக்காக இருந்தார். நல்ல ஃபில்டரையும் கெட்டுப்போனதாகச் சொல்லி மாற்றிவிட்டு வரும்படி தினகரன் சொல்ல ஆரம்பித்தார். ஜெபசீலன் வேலையை விட்டார். ஆனால், வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு, தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், எந்த ஆர்.ஓ. மிஷினையும் பழுதுபார்ப்பதில்லை என்று அவரும் மற்ற மெக்கானிக்குகளும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே காவலாளி ஆனார்.

அவருடைய சொந்த வீட்டு மிஷினும் அந்த வருடமே நின்றுபோயிற்று. மனைவி எப்சி தினமும் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டினாள்.

"தயாளன் மூணாம் மாசமே மாடம்பாக்கத்துல கடை போட்டுட்டான். அவனும் உங்க கூடத்தானே கையெழுத்துப் போட்டான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது அவன் பாடு."

"சரி, நம்ம வீட்டு மிஷினையாவது பார்க்கலாம் இல்ல?"

"நம்ம வீடும் முப்பது கிலோமீட்டருக்குள்ளதான இருக்கு எப்சி."

அவள் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள்.

காரணம் எப்படியோ வினிதாவின் காதுக்கும் எட்டியது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள் அவள். வாயிலுக்கே இறங்கி வந்து விளக்கினாள். வெளிநாட்டில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத் தடுக்க வேண்டுமென்று ஒரு சாராரும், தடுத்தால் கம்பெனிகளின் ரகசியமெல்லாம் வெளியே போய்விடுமென்று இன்னொரு சாராரும் பேப்பரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நம் நாட்டிலோ, ஒப்பந்தச் சட்டத்தின் இருபத்தேழாம் பிரிவுப்படி, வேலையை விட்டு வந்தவனை இப்படிக் கட்டிப்போடுவது ஏற்கெனவே செல்லாதாம்.

"கோர்ட்டுல நிக்கவே நிக்காதுண்ணா. நீங்க தைரியமா செய்யுங்க."

"சட்டம் செல்லாதுன்னு சொல்லலாம்மா. கையெழுத்து என்னுது."

வினிதா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குடியிருப்போர் சங்கம் அடுத்த வாரமே நாற்பது வீட்டு மிஷின்களையும் வருடக் கணக்கில் பராமரிக்கும் வேலையைத் தயாளனிடம் கொடுத்தது. அவன் வரும்போதெல்லாம் வாயிற்கதவைத் திறந்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை எழுதிக்கொள்வது ஜெபசீலனின் வேலையாயிற்று.

"இன்னாண்ணா, வெயில்ல நிக்கிறியே" என்று ஒவ்வொரு முறையும் அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போவான் தயாளன்.

கெடு முடிந்த மறுநாள் ஜெபசீலன் விடுப்பு எடுத்துக்கொண்டார். தேய்த்த வெள்ளைச் சட்டையில் தினகரனின் கடைக்குப் போனார். தினகரன் நாற்காலி போட்டு, டீ சொன்னார்.

"ரெண்டு வருஷம் நேத்தோட முடிஞ்சுது சார். ஒரு மிஷினையும் தொடல. அந்தப் பேப்பரைக் குடுத்தீங்கன்னா கிழிச்சுப் போட்டுட்டு, நாளையிலிருந்து சொந்தமா தொழில் பண்ணலாம்னு இருக்கேன்."

தினகரனுக்கு எந்தப் பேப்பர் என்று நினைவுக்கு வரவே சிறிது நேரம் ஆயிற்று. மேசையின் அடி இழுப்பறையைக் கிளறி எடுத்து, தூசு தட்டிக் கொடுத்தார்.

ஜெபசீலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கீழே வலது புறத்தில் அவருடைய கையெழுத்து, முழுப் பெயராக, தெளிவாக இருந்தது. இடது புறத்தில், 'நிறுவனத்துக்காக' என்று அச்சிட்ட கோட்டின் மேல் எதுவும் இல்லை.

"நீங்க கையெழுத்தே போடலையே சார்."

"நான் எதுக்குண்ணா போடணும்? இது செல்லாதுன்னு வக்கீல் அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வாங்கினீங்க?"

தினகரன் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது.

"தயாளன் மாதிரி ஆளுங்கள எந்தப் பேப்பரும் கட்டாதுண்ணா. அவன் போனா எனக்குப் பத்து வூடு போவும், அவ்ளோதான். நீங்க கடை போட்டா மொத்த ஜனமும் உங்க பின்னாடி வந்துடும். நீங்க வாக்கு மீற மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க ஒருத்தருக்காகத்தாண்ணா எல்லார்கிட்டயும் வாங்கினேன்."

இந்த விவகாரம் இவ்வாறு தீர்ந்த நாள், இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, ஜூலை மாதம் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை.