மீன் இல்லாத பீட்சா
முல்லைத்தீவுக் கரையோர வீட்டுக் குசினிச் சுவரில் பின்னேர வெயில் மஞ்சளாய்ப் படிந்திருக்கிறது. தான் இழுத்த கரைவலையில் முகமழிந்த ஒரு பிணம் ஏறிய நாளிலிருந்து யாக்கோப்பு மீனையோ இறைச்சியையோ தொடுவதில்லை. முட்டையும் பாலும்கூட வேண்டாமாம். நாலு மாதமாய்ச் சோறும் பாதிக் கோப்பையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் மனைவி கிறேஸ் கிளிநொச்சி சுப்பர் மார்க்கெட்டில் உறைந்த பீட்சா ஒன்றை வாங்கிவந்து, தாச்சியில் மூடிபோட்டுச் சூடாக்குகிறாள். பனி உருகி மெல்லச் சீறுகிறது. மூடியைத் திறக்கிறாள். சீஸுக்குப் பதிலாகப் போட்டிருக்கும் அந்த வெள்ளை, நெடுநேரம் நீரில் ஊறிய தோல்போலச் சுருங்கிக் கிடக்கிறது.

“இதிலை மீன் ஏதும்?” என்று யாக்கோப்பு கேட்கிறார்.

“எல்லாம் மரக்கறிதானப்பா. பெட்டியிலை எழுதிக் கிடக்கு.”

அவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கடிக்கிறார். ஆறுதலாக மென்று விழுங்கி, அடுத்ததற்குக் கை நீட்டுகிறார். கிறேசுக்குக் கண் கலங்குகிறது.

“நல்லாக் கிடக்கு. நீரும் சாப்பிடும்.”

அவள் ஒரு துண்டை வாயில் வைக்கிறாள். நாக்கில் கடல்நீர் கரிக்கிறது. பல்லுக்கிடையில் மணல் நெறுநெறுக்கிறது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஓம், நல்லாத்தான் கிடக்கு” என்று சொல்லி, கிறேஸ் அதை விழுங்குகிறாள்.