கருகாத கொடி

முதல் கவளத்திலேயே லேசாகக் கசந்தது. பானை அடிப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தெர்சூ அதை வெண்டைக்காய்க் குழம்பில் அழுத்தித் தோய்த்து விழுங்கினான்.

"நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டாள் இவெரென். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கணவர் அக்பேரைப் புதைத்ததிலிருந்து அவள் பேச்சே அப்படித்தான் ஆகிவிட்டது.

"நல்லா இருக்குக்கா."

"அப்புறம் ஏன் கோழி மாதிரி கொத்தறே? அள்ளிச் சாப்பிடு."

கிழங்கு ஆய்வுப் பண்ணையிலிருந்து வந்திருந்த தெர்சூவுக்கு உட்காரவே பொறுமை இல்லை. ஆனாலும் தீவ் இனத்தார் வீட்டில் தட்டு காலியாகும் முன் வந்த காரியத்தைப் பேசக் கூடாது. ஈர மரத்தூள் நிரப்பிய பெட்டி வண்டியில் காத்திருந்தது.

போன மழையில் அந்த வட்டாரத்துப் பெருவள்ளிக் கிழங்குப் பயிர் முழுவதும் கருகல் நோயில் போயிற்று. தீயில் வாட்டியதுபோல் இலையெல்லாம் கறுத்துச் சுருண்டன. அக்பேரின் வயல் நடுவில் மட்டும் ஒரே ஒரு கொடி பச்சையாக நின்றது.

அன்று தெர்சூ அதன் முன்னால் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, நோயை எதிர்க்கிற குணம் இதோட பரம்பரையிலயே இருக்கு. நல்ல ரகத்தோட இதைச் சேர்த்தா, பிறக்கற பிள்ளைங்கள்ல சிலதுக்கு அது இறங்கும். அறுவடையில இந்தக் கிழங்கை எனக்குன்னு எடுத்து வைங்க. வெட்டாம, தலையோட, முழுசா."

"கிழங்குக்குக் கல்யாணத் தரகனா நீ?" அக்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலையைக்கூட விட மாட்டியா, பேராசைக்காரா! எடுத்து வைன்னு ஒரு வீட்டுல கேட்டா இங்கே என்ன அர்த்தம்னு தெரியுமா, டவுன் பயலே?"

தெரியும் என்று அவசரமாகத் தலையாட்டி வைத்தான் தெர்சூ.

இப்போது வாசலில் இவெரெனின் இரண்டு பெண்களும் மரவள்ளிக் களி தின்றுகொண்டிருந்தார்கள். அவன் தட்டில் மட்டும் வெள்ளை வெளேரென்று இடித்த பெருவள்ளி.

"அவங்களுக்கும் இதுல கொஞ்சம்..."

"அது விருந்தாளிக்குன்னு எடுத்து வெச்சது."

தட்டை வழித்துத் தின்று கையைக் கழுவினான். "அக்கா, அண்ணன் சொல்லியிருப்பாரு. அந்தப் பச்சைக் கொடியோட கிழங்கு..."

"சொன்னாரு. வாய் அடங்கறதுக்கு முன்னாடி அதைத்தான் சொன்னாரு. பையன் வாய்விட்டுக் கேட்டிருக்கான், குறை வெச்சிடாதேன்னு. தோண்டி எடுத்து, பொண்ணுங்க கை படாம கொட்டில்லயே வெச்சிருந்தேன்."

தெர்சூவின் முகம் மலர்ந்தது. எழுந்தான். "நல்ல காரியம் பண்ணீங்க! இருங்க, பெட்டியைக் கொண்டாரேன்."

"பெட்டி எதுக்கு?"

இவெரென் அவனைப் பார்த்தாள். பிறகு அவனுடைய காலித் தட்டைப் பார்த்தாள். முற்றத்தில் ஆடு கிழங்குத் தோலின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது.

அவன் நாக்கில் அந்தக் கசப்பு மறுபடி ஏறியது. திரும்ப உட்கார்ந்தான்.

"தலை? நடவுக்குன்னு எல்லாரும் தலையை வெட்டி வெச்சிட்டுத்தானே சமைப்பாங்க? அக்கா, தலையாவது இருக்கா?"

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"நீதானே தம்பி, தலையோட முழுசா வேணும்னு கேட்டே?"