ஜிலேபி வரைந்த நோட்டு

"ஏனுங்க, உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா? கல்யாண ஊட்டுல ஜிலேபி தின்னதும் இல்லாம, அதை நோட்டுல படமா வேற வரைஞ்சு வெச்சிருக்கீங்க!"

பாலாமணி போட்ட சத்தத்தில் வரிசையாக இருந்த எஸ்டேட் லைன் வீடுகளின் கதவெல்லாம் திறந்துகொண்டன.

சங்கிலி தலையைச் சொறிந்தார். "தின்னதை எல்லாம் எழுதணும்னு டாக்டரு சொன்னாருல்ல? எனக்கு எழுதத் தெரியாது. அதான் வரைஞ்சேன்."

குந்தா பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் சர்க்கரை நோய்க்காரர்கள் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரையும் டாக்டர் சில்வஸ்டர் தன்னுடைய ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார். சர்க்கரை நோய் கிட்னியைக் கெடுக்காமல் தடுப்பது எப்படி என்று பார்க்கிற ஆராய்ச்சி. மாதாமாதம் ரத்தமும் மூத்திரமும் சோதிப்பார்கள். தினமும் வாயில் போட்டதை எழுத ஆளுக்கொரு நோட்டு, என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற பத்தியப் புஸ்தகம் ஒன்று.

சங்கிலியின் அண்ணன் மாரிச்சாமி கிட்னி கெட்டு, வாரம் ரெண்டு தடவை மலை இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு, போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்கள்.

பாலாமணி அஞ்சாங்கிளாஸ் படித்தவள். அவள் நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கேழ்வரகுக் களி, கீரை. மறுநாளும் களி, கீரை. பக்கத்து லைன் செல்லதுரை மகள் கல்யாணத்தன்றும் களி, கீரைதான்.

சங்கிலி கைநாட்டு. அவர் நோட்டு முழுக்க வட்டம் வட்டமாக இருந்தது. கல்யாணத்தன்று மட்டும் சுருள் சுருளாக ரெண்டு ஜிலேபி.

"ஊரே ஒழுங்கா இருக்குது. நீங்க ஒருத்தர்தான் மானத்தை வாங்கறீங்க. நாளைக்குக் கூட்டத்துக்கு மேனேஜர் வேற வர்றாராம். நோட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. நான் புதுசா ஒண்ணு எழுதித் தர்றேன்."

"வேண்டாம்." சங்கிலி நோட்டைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அவர் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

மறுநாள் டிஸ்பென்சரி வராந்தாவில் கூட்டம். நோட்டுகளை எல்லாம் காலையிலேயே வாங்கி, முதல் தடவையாகத் தானே படித்திருந்த டாக்டர், ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோட நோட்டு?"

ஜிலேபியைப் பார்த்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாலாமணிக்கு உயிரே போய்விட்டது. சங்கிலி எழுந்து நின்றார்.

"தினமும் எட்டு வட்டம் இருக்குதே, என்ன அது?"

"சீனி போட்ட டீங்க. காலையில பேரு குடுக்கற மஸ்டர்ல ஒண்ணு, செடி கவாத்து வெட்டற எடத்துல ரெண்டு, கொழுந்து நிறுக்கற எடத்துல ரெண்டு, பாக்டரி வாசல்ல ஒண்ணு. எஸ்டேட் டீங்க, குளுருக்கு எல்லாருக்கும் குடுப்பாங்க. மிச்சம் ரெண்டு ஊட்டுல இவ போட்டுக் குடுக்கறது."

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். "மத்த நாற்பத்தோரு நோட்டுல ஒரு டீகூட இல்லையே?"

சூப்பர்வைசர் தனசிங், அவரும் சர்க்கரைக்காரர்தான், மெல்ல எழுந்தார். "டீயெல்லாம் சாப்பாட்டுல சேருங்களா சார்? அது தண்ணி மாதிரிதானுங்களே."

"தண்ணியா? மூணு மாசமா நான் மண்டையை ஒடைச்சுக்கிட்டிருக்கேன். நர்ஸ் படிச்சுச் சொன்னதெல்லாம் களியும் கீரையும்தான். ரத்தத்துல சர்க்கரை எறங்கவே இல்லை. பத்துப் பேருக்கு மூத்திரத்துல புரதம் போக ஆரம்பிச்சிருக்கு. கிட்னி கெடப் போகுதுன்னு அது குடுக்கற முதல் எச்சரிக்கை. இந்தக் களியை நம்பி நான் மருந்தை முடிவு பண்ணியிருந்தா, ஆராய்ச்சியும் போயிருக்கும், உங்க கிட்னியும் போயிருக்கும்."

டாக்டர் சங்கிலியின் நோட்டை மறுபடி உயர்த்திக் காட்டினார்.

"நாங்க குடுத்த புஸ்தகத்தைப் பார்த்து நீங்க எழுதினீங்க. இவர் தான் தின்னதை வரைஞ்சாரு. நான் நம்பக்கூடிய நோட்டு இது ஒண்ணுதான். இவருக்கு மட்டும்தான் இன்னிக்கு என்னால தைரியமா மருந்தை மாத்தி எழுத முடியும்."

கூட்டத்துக்கு வந்திருந்த மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார், நாளையிலிருந்து எஸ்டேட் டீயில் சீனி கிடையாது, வேண்டியவர்களுக்குத் தனியாகத்தான் என்று.

"பொய் எழுதணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

சங்கிலி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கண்ணன் கண்டதையும் தின்னுட்டு, ஆசுபத்திரியில பத்தியமா இருக்கேன், பத்தியமா இருக்கேன்னு சொல்லியே போயிட்டானுங்க. நாம சொன்னாத்தானுங்களே டாக்டருக்குத் தெரியும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பேச்சியிடம், "எங்க ஊட்டுக்காரருடி" என்றாள், பேச்சிக்கு என்னமோ தெரியாத மாதிரி.

அப்புறம் நர்ஸ் எல்லோருக்கும் புது நோட்டுக் கொடுத்தாள். புரதம் போகிற பத்துப் பேரின் பெயரையும் படித்தாள். மூன்றாவது பெயர் பாலாமணி.

பாலாமணி புது நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு சங்கிலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து பென்சிலை அவரிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, அந்த ஜிலேபி எப்படி வரையறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

"உனக்கெதுக்கு? நீதான் முத்து முத்தா எழுதுவியே."

"எழுதப் போனா கை தானா களின்னே எழுதுதுங்க. அன்னைக்குக் கல்யாண ஊட்டுல நான் தின்னது அஞ்சு."