காயக் கேசு

ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடந்த குமரேசனிடம் கஞ்சி டம்ளரை நீட்டினாள் சவுரியம்மாள். அவள் கண்களைப் பார்த்தால், கட்டிலில் யார் படுக்க வேண்டும் என்பதே சந்தேகம்தான்.

"இன்னும் ரெண்டு வாய், தம்பி."

"வேணாம்."

புதிதாக டூட்டிக்கு வந்த நர்ஸ் கலைமதி அதட்டினாள். "சாப்பிடலன்னா தேற மாட்டீங்க. பாவம், உங்கம்மா தூங்காம பாத்துக்கினு இருக்காங்க."

"நான் இவன் அம்மா இல்லம்மா," என்றாள் சவுரியம்மாள். "இவன் மண்டைய ஒடச்சவனோட அம்மா. இப்ப இது காயக் கேசு, திண்டிவனம் கோர்ட்டுலயே முடிஞ்சிடும். இவன் போய்ட்டான்னா கொலைக் கேசாயி விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்டும். அப்புறம் எம்புள்ள வெளிய வர்றதப் பாக்க நான் இருக்க மாட்டேன்."

குமரேசன் மெதுவாகக் கையை நீட்டினான்.

"குடும்மா. விழுப்புரம் பஸ்ல உன்னால நிக்க முடியாது."