நடுவில் இருந்தவள்

"எதிர்ல இருக்கிறவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும். நடுவுல நீங்க ஒருத்தர் இல்லாத மாதிரியே இருக்கணும்."

அகதிகள் உதவி மையத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதி அது. இத்தனை வருஷத்தில் அவள் அதை மீறியதே இல்லை.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் தஞ்சம் கேட்டுத் தனியாக வந்த பதினாறு வயதுப் பெண். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவளிடம் விசாரிக்க வந்த பெண் ஆலோசகருக்குத் தமிழைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

"ரூம்ல மத்தவங்க எல்லாரும் பெரியவங்க. பயத்துல எனக்குத் தூக்கமே வரல" என்றாள் மொழிபெயர்ப்பாளர், பெண் சொன்னதை அப்படியே.

"உன் வயசுப் பிள்ளையைப் பெரியவங்களோட தங்க வைக்கவே கூடாது. தனி ரூம் கேக்குறது உன் உரிமை. இன்னிக்கே நான் பேசுறேன்" என்றார் ஆலோசகர்.

அது தமிழில் போய்ச் சேர்ந்ததும் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரியா சாப்பிடுறியா?"

"பசிக்கவே மாட்டேங்குது."

"மனசு விட்டுப் பேச உனக்கு இங்க யாராவது இருக்காங்களா?"

மொழிபெயர்ப்பாளர் ஆலோசகரையே பார்த்தாள். செருமிக்கொண்டு சொன்னாள்.

"யாருமே இல்ல. ரூமுக்குத் திரும்பினா ரேடியோவைப் போட்டு விட்டுடுவேன். ஒரு மனுஷக் குரலாவது கேக்கட்டுமேன்னு."

ஆலோசகர் வருத்தத்தோடு தலையசைத்து அதையும் எழுதிக்கொண்டார்.

பெண் மெதுவாக மொழிபெயர்ப்பாளரின் கையைத் தொட்டாள்.

"அக்கா, அவங்க இப்ப ஏதோ கேட்டாங்களே, என்னது? நீங்க எனக்கு இன்னும் சொல்லவே இல்லையே."