கன்னச் சிவப்பு

“இங்க காட்டுங்க... கன்னமெல்லாம் செக்கச்செவேல்னு பொரிஞ்சிருக்கு!” மனைவிக்கு வாயெல்லாம் பல்.

“இந்த வயசுல மூஞ்சி பொரிஞ்சதுக்குப் பூரிச்சுப்போறவ நீ ஒருத்திதான்” என்றார் கணவர்.

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? நுரையீரல்ல இருக்கற கட்டிய ‘வளரு, வளரு’ன்னு தூண்டுற சிக்னலத்தான் இந்த மாத்திரை மறிக்குது. தோலுக்கும் அதே சிக்னல்தானாம். அதனால மூஞ்சி பொரிஞ்சா பெரும்பாலும் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்.”

அவர் தலையாட்டினார்.

போன மாதம் அவர் தனியாகப் போயிருந்தபோது, கட்டி உருமாறிவிட்டது, இனி இந்த மருந்து கேட்காது என்று டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதை அவளிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. தினமும் மாத்திரையை விழுங்குவதுபோல் நடித்தார். முகம் ஆறத் தொடங்கியதும், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் குளியலறையில் ஒளித்துவைத்து, காலைதோறும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டார்.

கம்பி நாரைக் காணோம். அந்த இடத்தில் மனைவியின் லிப்ஸ்டிக் இருந்தது.